டேங்கி மூடியின் ‘உஸ்’ சத்தம் சொல்லும் சேதி



மின்மினிப் பூச்சிகளுக்குப் பேர்போன கம்போங் குவாந்தானில் சுற்றுப்பயணிகளைச் சம்பானில் ஏற்றித் துடுப்புப் போட்டுத்தான் ஆற்றில் அழைத்துப் போவார்கள். அங்கே இயந்திரத்துக்கு வேலை இல்லை. ஆனால் அந்தப் படகுத்துறைக்குப் போய்ச் சேர வாகனம் வேண்டுமே! புக்கிட் ரோத்தான், ஈஜோக், முன்பு பத்தாங் பெர்ஜுந்தை என்று அழைக்கப்பட்ட பெஸ்தாரி ஜெயா எனச் சுற்று வட்டாரத் தோட்டங்களில் பழைய புரோட்டோன் சாகாவையும் இஸ்வாராவையும் கஞ்சிலையும் நம்பி ஓடும் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. முதல் சாகா வெளிவந்தது 1985இல். அந்தக் காலத்து வண்டிக்கு இப்போது ஏறத்தாழ நாற்பது வயது.

இப்படி ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள். நண்பகல் வெயில். செம்பனைக் காட்டுச் சாலையில் ஒரு மணி நேரம் ஓடிய கார் பெட்ரோல் நிலையத்தில் நிற்கிறது. மூடியைத் திருகியதும் ‘உஸ்’ என்று நீண்ட சத்தம். கையில் பெட்ரோலும் தெறிக்கிறது. “பழைய காடி, அப்படித்தான் இருக்கும்” என்கிறார் ஒருவர். “மூடியில சின்னதா ஒரு ஓட்டை போட்டுடுங்க அண்ணே, சரியாப் போயிடும்” என்கிறார் இன்னொருவர்.

இரண்டு யோசனையுமே ஆபத்தானவை. ஏன் என்று பார்ப்போம்.

டேங்கியும் மூச்சு விடும்

பெட்ரோல் கொதித்தால்தான் ஆவியாகும் என்பதில்லை. சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகிக்கொண்டிருக்கும். நம் ஊர் வெயிலில் கேட்கவே வேண்டாம். அந்த ஆவி வெளியேற ஒரு குழாய் உண்டு. பெரும்பாலான கார்களில் அது ‘கெனிஸ்டர்’ எனப்படும் கரி டப்பாவில் போய்ச் சேரும். கரி ஆவியைப் பிடித்து வைக்கும். இயந்திரம் ஓடும்போது ‘பர்ஜ்’ வால்வு திறந்து, அந்த ஆவியை இயந்திரம் இழுத்து எரித்துவிடும். பெட்ரோல் குறையக் குறைய டேங்கிக்குள் காற்றும் போகவேண்டும். அதற்கு மூடியிலோ குழாயிலோ ஒரு வழிவால்வு இருக்கும்.

ஆக, டேங்கி மூச்சை விடவும் வேண்டும், இழுக்கவும் வேண்டும். இதில் எது அடைபட்டது என்று கண்டுபிடிப்பதே முதல் வேலை. அதைச் செய்யாமல் பம்பை மாற்றினாலும் டேங்கியையே மாற்றினாலும் காசுதான் கரியாகும்.

வெளியே தள்ளுகிறதா, உள்ளே இழுக்கிறதா?

காரை நிழலில் நிறுத்தி, இயந்திரத்தை அணைத்து, ஆறவிடுங்கள். காரின் இரும்புப் பகுதியை ஒருமுறை தொட்டுவிட்டு, மூடியை மெல்லக் கால் சுற்று திருகி நிறுத்துங்கள். சத்தம் வரும் இடத்தருகே ஒரு டிஷு தாள் துண்டைப் பிடியுங்கள். தாள் வெளியே பறந்தால் உள்ளே ஆவி அழுத்தம் அதிகம். தாள் மூடியோடு ஒட்டினால் உள்ளே காற்று போதவில்லை. சத்தம் முழுதும் அடங்கிய பிறகே மூடியைக் கழற்றுங்கள்.

காற்று போதாத வண்டிக்கு இன்னோர் அடையாளமும் உண்டு. தூரம் ஓடியபின் இழுவை குறையும்; மூடியைத் திறந்து மூடினால் மீண்டும் நன்றாக ஓடும். அங்கே குற்றவாளி பெரும்பாலும் மூடியின் வால்வு. அந்தக் காருக்கு உரிய சரியான மூடியை மாற்றிப் பார்ப்பதுதான் மலிவான சோதனை.

வெயில் நேரத்தில் சின்னதாக ஒரு ‘உஸ்’ கேட்டால் பயப்பட வேண்டியதில்லை, அது இயல்புதான். காலைக் குளிரிலும் சத்தம் நீண்டு வந்தாலோ, பெட்ரோல் தெறித்தாலோ, காரைச் சுற்றி வாடை அடித்தாலோ பட்டறைக்குப் போயாகவேண்டும்.

பட்டறையில் என்ன கேட்பது?

இயந்திரம் ஆறியிருக்கும்போது, நெருப்பில்லாத திறந்த இடத்தில், டேங்கியிலிருந்து வரும் குழாயைக் கரி டப்பா பக்கம் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே ஆவி ‘உஸ்’ என்று வெளியேறினால் குழாய் சரி. அடைப்பு கரி டப்பாவிலோ அதற்கு அப்பாலோ இருக்கிறது. அங்கே ஒன்றும் வராமல், மூடியைத் திறக்கும்போது மட்டும் சத்தம் வந்தால் அடைப்பு டேங்கிக்கும் அந்த இடத்துக்கும் நடுவில். நசுங்கிய குழாய், மடிந்த ரப்பர், ஒட்டிக்கொண்ட வால்வு என்று தேடலாம்.

கரி டப்பாவின் காற்றுத் துளையில் செம்மண் தூசி அடையும். குளவி கூடு கட்டுவதும் உண்டு. டப்பா பெட்ரோலில் ஊறிக் கனத்திருந்தால் காரணம் நாமாகவே இருக்கலாம். பம்பு தானாக நின்ற பிறகும் “இன்னும் ஒரு வெள்ளிக்கு” என்று அழுத்தி நிரப்புகிறோம் அல்லவா? அந்த மிச்சம் ஆவிக்குழாய் வழியே கரியில் போய் இறங்குகிறது.

கடைசியாக, சூடு. பல பழைய வண்டிகளில் எரியாத பெட்ரோல் இயந்திரத்தின் சூட்டை வாங்கிக்கொண்டு டேங்கிக்கே திரும்பும். புகைக்குழாய்ச் சூட்டைத் தடுக்கும் தகடு துருப்பிடித்து விழுந்திருந்தால் டேங்கி மேலும் சூடாகும்.

சூடு என்ன செய்யும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு பாடம் உண்டு. 1980களில் ஃபோர்டு வேன்களில் அமைக்கப்பட்ட ஆம்புலன்ஸ்கள் சிலவற்றில் பெட்ரோல் சூடாகி, டேங்கியில் அழுத்தம் ஏறி, வெளியே பீறிட்டுத் தீப்பற்றியது. 1987இல் அந்த நிறுவனம் ஆம்புலன்ஸ்களைத் திரும்ப அழைத்துப் பழுதுபார்க்க வேண்டியதாயிற்று. உயிர் காக்க ஓடிய வண்டிக்கே அந்த நிலை!

ஓட்டை போட்டால் என்ன?

மூடியில் ஓட்டை போட்டால் சத்தம் நிற்கும். ஆனால் ஆவி நிற்காது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போய்க் கலைந்துவிடாமல் தரையோடு ஊர்ந்து போகும். நம் வீடுகளில் கார் எங்கே நிற்கிறது? முகப்புக் கூரையின் கீழ். பக்கத்திலேயே சாமி மேடை, அதில் மாலை விளக்கு, வெள்ளிக்கிழமை சாம்பிராணி. சில வீடுகளில் அடுப்பும் வெளியில்தான். ஒரு பொறி போதும். மழை பெய்தால் அதே ஓட்டை வழியாகத் தண்ணீரும் டேங்கிக்குள் இறங்கும். வண்டி கவிழ்ந்தால் பெட்ரோல் கொட்டும்.

பேருந்து, லாரி போன்ற வர்த்தக வாகனங்களுக்குக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை கட்டாயச் சோதனை உண்டு. சொந்தக் காருக்கு அப்படி இல்லை. வாங்கியவரின் காதும் மூக்கும்தான் அதற்குச் சோதனை நிலையம்.

ஆகவே நேயர்களே, பம்பு முதல் முறை நின்றதும் நிறுத்திவிடுங்கள். மூடியை அவசரப்பட்டுத் திறக்காதீர்கள். வாடை அடிக்கும் காரை விளக்குப் பக்கத்தில் நிறுத்தாதீர்கள். ஏற்கெனவே யாராவது ஓட்டை போட்டுக் கொடுத்த மூடி உங்கள் காரில் இருந்தால், இந்த வாரமே மாற்றிவிடுங்கள்.