அதிகாரம் இல்லாதவர் கேட்கும் கேள்வி

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில், ஓய்வுபெற்ற தாதிய சகோதரி ஒருவர் ஆற்றிய உரை)



“பிள்ளைகளுக்கு ஏதாவது புத்திமதி சொல்லுங்கோ” என்று செயலாளர் கேட்டிருந்தார். சத்திரசிகிச்சைக் கூடத்தில் காலம் கழித்தவளிடம் புத்திமதி குறைவு, எண்ணிக்கைதான் அதிகம். ஆகவே ஓர் எண்ணிக்கையைப் பற்றிச் சொல்லுகிறேன்.

அதற்கு முன் எங்கள் வகுப்பறைக்கு ஒருமுறை போய்வருவோம். கதைப்பவர்களின் பெயரை மொனிற்றர் கரும்பலகையில் எழுதுவார். ரீச்சரின் காலடிச் சத்தம் கேட்கும்வரை நாங்கள் கதைத்துக்கொண்டே இருப்போம். ஆனால் வகுப்பறை கூட்டும் முறை வரும் நாளில் எங்கள் குழுவில் ஒருத்தி இருப்பாள். அவளுக்கு எந்தப் பதவியும் இல்லை. நாங்கள் நழுவப் பார்த்தால் ஏச மாட்டாள். இரண்டாவது தும்புத்தடியை எடுத்து வந்து எங்கள் மேசையில் சாய்த்து வைத்துவிட்டு, தான் கூட்டத் தொடங்குவாள். அதற்குப் பிறகு வீட்டுக்குப் போகக் கால் வராது.

அவளிடமிருந்து நான் பாடம் படித்திருக்க வேண்டும். படிக்கவில்லை என்பது பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

சத்திரசிகிச்சையின்போது இரத்தத்தை ஒற்றி எடுக்கப் பாவிக்கும் கோஸ் துணிகளைத் தொடங்குமுன் எண்ணுவோம். வயிற்றை மூடுமுன் மீண்டும் எண்ணுவோம். தோலைத் தைக்கும்போது மறுபடியும் எண்ணுவோம். வைத்திய நிபுணருக்குக் கருவி எடுத்துக் கொடுக்கும் தாதி ஒருவர், வெளியே நின்று எழுதும் தாதி மற்றவர். இருவரும் கண்ணால் பார்த்து, வாய்விட்டு, சேர்ந்து எண்ண வேண்டும்.

என்னோடு ஒரே காலத்தில் பயிற்சி பெற்ற தோழி ஒருவர் அப்போது என்னோடு கடமையில் இருந்தார். கைச்சுறுக்கும் இரக்கமும் உள்ளவர். ஒரு பழக்கம் மட்டும் இருந்தது. கடைசி எண்ணிக்கையைப் பாராமலே முதல் எண்ணிக்கையைத் திரும்ப எழுதிக் கையெழுத்து வைத்துவிடுவார். மூன்று தடவை கண்டேன். ஒன்றும் சொல்லவில்லை. அவர் எனக்குக் கீழே இல்லை, நான் அவருக்கு மேலே இல்லை. “நான் ஆர் கேட்க?” என்று இருந்துவிட்டேன். ஆனால் வாய் சும்மா இருந்ததா? தேநீர் குடிக்கும் இடத்தில் மற்றவர்களுக்குச் சொன்னேன்.

ஓர் இரவு, நீண்ட சத்திரசிகிச்சை. எல்லோரும் களைத்திருந்தோம். என் எண்ணிக்கையில் ஒன்று குறைந்தது. தோழியின் தாளிலோ எல்லாம் சரியென்று எழுதிக் கையெழுத்தும் வைத்தாயிற்று. வைத்திய நிபுணர் தையல் நூலுக்குக் கை நீட்டினார். அந்த ஒரு கணம் எனக்கு மிக நீளமாக இருந்தது. நான் பிழையாக எண்ணியிருந்தால்? தோழி என்ன நினைப்பார்?

“சேர், ஒண்டு குறையுது.”

“தாளில சரி எண்டுதானே இருக்கு, மிஸ்ஸி?”

“சேர், எனக்கு ஒண்டு குறையுது.”

அவர் கையை நிறுத்தினார். தேடினோம். அந்தத் துணி நோயாளியின் வயிற்றினுள்ளேயே இருந்தது. எடுத்தோம், மூடினோம். சில நாட்களில் அந்த அம்மா நடந்து வீட்டுக்குப் போனார்.

நான் துணிச்சல்காரி என்று சொல்ல இந்தக் கதையைச் சொல்லவில்லை. கடமை முடிந்து வெளியே வரும்போது தோழி அழுதுகொண்டே ஒன்று கேட்டார்: “இதை எனக்கு முதல் நாளே சொல்லியிருக்கலாமே. மற்றவைக்கெல்லாம் சொன்னனீர்தானே?”

என்னிடம் மறுமொழி இல்லை. பிழை விட்டவர் அவர். அதைக் கண்டும் அவரிடம் சொல்லாமல், அவர் இல்லாத இடத்தில் சொன்னவள் நான். எங்கள் இருவருக்கும் நடுவில் கிடந்தது அந்த அம்மாவின் உயிர்.

அடுத்த கடமையில் நானே அவரிடம் போனேன். “நான் எண்ணேக்க நீர் பாரும், நீர் எண்ணேக்க நான் பாக்கிறன். ஒராள் சொல்லாமல் மற்றாள் கையெழுத்து வைக்கிறேல்லை” என்றேன். “என்னை நம்பேல்லையோ?” என்றார். “எனக்கு என்னிலையே நம்பிக்கை இல்லை” என்றேன். அது உண்மையும்கூட. இரண்டு மாதம் செல்லவில்லை, மருந்தின் பெயர் எழுதாமல் நான் வைத்த ஊசியைக் கண்டு என்னை நிறுத்தியவர் அவர்தான். முகம் சுண்டியது. ஆனால் “நீர் ஆர் கேட்க?” என்று சொல்ல என் வாய் வரவில்லை. பழைய நெருக்கம் திரும்பச் சில காலம் எடுத்தது என்பதையும் மறைக்க மாட்டேன்.

2008இல் உலக சுகாதார நிறுவனம் சத்திரசிகிச்சைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. எட்டு நாடுகளில், எட்டு வைத்தியசாலைகளில் பரீட்சித்தபோது, சத்திரசிகிச்சைக்குப் பிந்திய மரணங்கள் 1.5 வீதத்திலிருந்து 0.8 வீதமாகக் குறைந்ததாக 2009இல் அறிக்கை வந்தது. அந்தப் பட்டியலில் எனக்குப் பிடித்த வரி ஒன்று உண்டு. கத்தி வைக்குமுன் ஒவ்வொருவரும் தன் பெயரையும் வேலையையும் சொல்ல வேண்டும். ஒருமுறை வாய் திறந்தவருக்கு, பிழை காணும்போது மறுமுறை திறப்பது இலகு. ஆனால் பட்டியல் தானாகப் பேசாது. எங்கள் தாளும் அன்று சரியென்றுதான் சொன்னது.

சகோதரிகளே, எங்கள் சங்கத்தையே பாருங்கள். இங்கு ஒருவருக்கும் சம்பளம் இல்லை, ஒருவரும் ஒருவருக்கு மேலதிகாரி இல்லை. கூட்டக் குறிப்பு வரவில்லை, மலருக்கான விளம்பரப் பணம் சேரவில்லை என்றால் யார் கேட்பது? நான் கண்ட வழி இதுதான். யார், எதை, எந்தத் திகதிக்குள் என்று கூட்டத்திலேயே வாய்விட்டுச் சொல்லி எழுதுங்கள். திகதி வருமுன் ஒருமுறை நினைவூட்டுங்கள். தவறினால் வட்ஸ்அப் குழுவில் அல்ல, அவரிடமே தனியாகப் பேசுங்கள். “நீங்கள் எப்பவும் இப்படித்தான்” என்று தொடங்காமல், “வெள்ளிக்கிழமை தாறன் எண்டனீங்கள், என்ன தடை வந்தது?” என்று கேளுங்கள். சிலவேளை அவர் வீட்டில் நோயாளி இருப்பார், அப்போது வேலையைப் பகிர்ந்துகொள்ளலாம். உங்கள் சொந்தப் பொறுப்பின் கணக்கை முதலில் மேசையில் வையுங்கள்.

மாணவிகளுக்கு ஒன்று. தனியாகச் சொல்லுதல் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. ஒருவரின் உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்றால், பொதுப்பணம் காணாமல் போகிறது என்றால், பொறுப்பானவரிடம் உடனே சொல்லுங்கள். அது கோள் சொல்வது அல்ல. செய்தவரிடமும் சொல்லாமல், திருத்தக்கூடியவரிடமும் சொல்லாமல், மற்றெல்லோருக்கும் சொல்வதுதான் கோள். அதை நான் செய்தேன், நீங்கள் செய்யாதீர்கள்.

அந்தத் தும்புத்தடிக்காரி இன்று இந்த மண்டபத்தில்தான் இருக்கிறார். விழா முடிந்ததும் கதிரைகளை அடுக்க வேண்டியிருக்கும். அவர் எழும்புமுன் நாங்கள் எழும்புவோம்.