இரண்டாவது பாட்டில்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பேசக் கூப்பிட்ட சங்கச் செயலாளர், "உன் வேலையைப் பத்திப் பேசுப்பா, பசங்களுக்கு உபயோகமா இருக்கும்" என்றார். புதுப் பானங்களில் எந்தச் சுவையோடு எந்தச் சுவையைச் சேர்ப்பது என்று முடிவு செய்வதுதான் என் வேலை. கெமிக்கல் எஞ்சினியரிங் படிச்சுட்டு ஜூஸ் போடறியா என்று என் பெரியப்பா இன்றைக்கும் கேட்கிறார். ஜூஸ்தான் போடுகிறேன். ஆனால் அது மாசக்கணக்கில் கடையில் கெடாமல் நிற்க வேண்டும். எஞ்சினியரிங் அங்கேதான் வருகிறது.

தென் மாவட்டம் ஒன்றில் சோடா கம்பெனி நடத்துகிறவர் ஒருவர், எனக்கு அண்ணன் முறை. கடன் வாங்கி ஒரு பாட்டில் நிரப்பும் மெஷின் போட்டார். "தம்பி, எல்லாரும் ப்ளூபெர்ரி, லிச்சின்னு போடறாங்க. நாமளும் ஒண்ணு போடுவோமா?" என்று கேட்டார். பெரிய கம்பெனி பத்துச் சுவையை இறக்கும், எட்டு போனாலும் தாங்கும். அண்ணனால் ஒன்றுதான் இறக்க முடியும். அது போனால் மெஷினும் போச்சு.

எது எதோடு சேரும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. ஒரே மணப்பொருள்களைப் பகிர்ந்துகொள்ளும் உணவுகள் நன்றாகச் சேரும் என்பது அது. 2011-இல் வெளியான ஓர் ஆய்வு, மேல்நாட்டுச் சமையலில் இது பெரும்பாலும் பொருந்துகிறது, கிழக்காசியச் சமையலில் பொருந்தவில்லை என்று காட்டியது. 2015-இல் ஜோத்பூர் ஐ.ஐ.டி.யைச் சேர்ந்தவர்கள் 2,500-க்கும் மேற்பட்ட இந்தியச் சமையல் குறிப்புகளை அலசினார்கள். நாம் நேர் எதிர்! ஒன்றோடொன்று ஒட்டாத மணங்களைத்தான் ஒரே சட்டியில் போடுகிறோம், அதற்கு முக்கியக் காரணம் மசாலாப் பொருள்கள் என்று தெரிந்தது. பெருங்காயம் போட்டு சாம்பார் வைக்கும் எந்த அம்மாவும் இதற்கு ஆச்சரியப்படமாட்டார். ஆகவே கணக்கு வழிகாட்டும், முடிவு சொல்லாது.

அண்ணனிடம் நான் சொன்னது பானகம். ஜனங்களுக்குத் தெரிந்த சுவை, ஆனால் கடையில் வாங்கிப் பழக்கமில்லாத பொருள். இந்த இரண்டும் சேரும் இடம் நல்ல இடம். 2013-இல் சந்தைக்கு வந்த பேப்பர் போட்டும் ஆம்ரஸ், ஜல்ஜீரா என்று வீட்டுச் சுவைகளோடுதானே வந்தது?

வெல்லம், சுக்கு, ஏலக்காய், எலுமிச்சை. வீட்டில் கலக்க ரெண்டு நிமிஷம். பாட்டிலில் அடைக்கப் போனால் ஒவ்வொன்றும் ஒரு வம்பு. சுக்கு மட்டும் நல்ல பிள்ளை. இஞ்சி காயும்போது அதிலிருக்கும் ஜிஞ்சரால், ஷோகாலாக மாறிக் காரம் கூடுகிறது. அந்தக் காரம் கொதிக்கு அசைவதில்லை. ஏலக்காய் மணம் ஆவியோடு ஓடிவிடும், அதனால் மூடிய பாத்திரத்தில் கடைசியாகத்தான் சேர்க்க வேண்டும். வெல்லம் மண்டிக்கு மண்டி நிறம் மாறும், நாலைந்து மூட்டை கலந்துதான் காய்ச்ச வேண்டும்.

எலுமிச்சைதான் பெரிய தலைவலி. அதன் மணத்துக்கு ஆதாரமான சிட்ரால், புளிப்புத் தண்ணீரில் தானாகவே சிதையும். சூடு பட்டால் இன்னும் வேகம். நிரப்பிய அன்றைக்கு அருமையாக இருப்பது, சில வாரத்தில் பழைய ஊறுகாய் ஜாடியைத் திறந்த மாதிரி ஆகிவிடும். எசென்ஸ் ஊற்றி மறைக்கலாம். எனக்கு அது பிடிப்பதில்லை.

வழி அண்ணனுடைய ஊரிலேயே இருந்தது. தெற்கே கோயில் கொடைகளில் பானக்காரம் என்று கரைப்பார்களே, புளியும் கருப்பட்டியும் போட்டு? புளியின் புளிப்பு டார்ட்டாரிக் அமிலம், சூட்டுக்கு அஞ்சாது. பி.எச். அளவையும் 4.6-க்குக் கீழே எளிதாக இறக்கிவிடும், அதனால் பால் பானங்களைப் போல உயர் சூட்டு மெஷின் தேவையில்லை. சூடாக நிரப்பி மூடினால் போதும். முதலில் அவர் பாதாம் பால் போடலாமா என்றும் கேட்டார். அதற்கு வேறு மெஷின், அதாவது வேறு கடன்.

அடுத்தது இனிப்பு அளவு. 1985 ஏப்ரலில் அமெரிக்காவில் கோகோ கோலா தன் சுவையை மாற்றியது. சுமார் 2 லட்சம் பேரிடம் சோதித்து, புதுசுதான் நல்லாயிருக்கு என்று சொன்ன பிறகுதான் மாற்றினார்கள். 79 நாளில் பழையது திரும்பி வந்தது. பழகியதை விட மனசு வராதது ஒரு காரணம். சின்னக் கப்பில் ஒரு வாய் குடிக்கும்போது இனிப்பு கூடினது ஜெயிக்கும், முழு பாட்டில் குடித்தால் அதுவே திகட்டும் என்பது இன்னொரு காரணம். அதனால் நாங்கள் ஒவ்வொருவருக்கும் முழு பாட்டிலைக் கொடுத்து, எவ்வளவு மிச்சம் வைத்தார்கள் என்று அளந்தோம். அவர்கள் சொன்ன மார்க்கைவிட இந்த மிச்சத்தை நான் அதிகம் நம்புகிறேன். கொடுத்ததும் ஜில்லென்றுதான். குளிர்ந்தால் நாக்குக்கு இனிப்பு குறைவாகத் தெரியும். நம்பாதவர்கள் உருகின ஐஸ்கிரீமை ஒரு ஸ்பூன் சாப்பிட்டுப் பாருங்கள்.

தம்பி தங்கைகளுக்கு ஒன்று. இதற்குப் பெரிய லேப் வேண்டாம். மூணு கப் வையுங்கள், இரண்டில் ஒரே பானம், ஒன்றில் வேறு. எது வேறு என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். குருட்டாம்போக்கில் சொன்னாலே மூணில் ஒரு பங்கு சரியாக வரும். அதைவிடத் தெளிவாக அதிகம் பேர் சரியாகச் சொன்னால்தான் வித்தியாசம் உண்டு என்று அர்த்தம். விலை குறைந்த கருப்பட்டிக்கு மாறலாமா என்ற கேள்வியை நாங்கள் இப்படித்தான் தீர்த்தோம். மாறவில்லை.

அண்ணனுடைய பானக்காரம் பக்கத்து ரெண்டு தாலுகாக் கடைகளுக்குப் போயிருக்கிறது. முதல் பெட்டியை உறவுக்காகவும் எடுத்திருப்பார்கள். இரண்டாவது பெட்டி கேட்ட கடைகளை மட்டும் அவர் தனி நோட்டில் எழுதிவருகிறார். சாப்பாட்டுக் கூடத்து வாசலில் நாலு பெட்டி இறக்கி வைத்திருக்கிறேன். குடித்துப் பார்த்துவிட்டு மிச்சத்தைக் கொட்டாமல் பாட்டிலோடு என்னிடம் கொடுங்கள், அளந்துகொள்கிறேன்.