நகமும் நலமும்

(நம் சங்கத்தின் மாதர் பிரிவுக் கூட்டத்தில் மருத்துவ அம்மையார் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழாவை ஒட்டி நடைபெறும் இக்கூட்டத்தில் பேசுமாறு என்னைப் பணித்த சங்கத்தாருக்கு முதற்கண் என் நன்றி உரியது. எதைப்பற்றிப் பேசுவது என்று செயலாளர் அம்மையாரைக் கேட்டேன். "பெரிய நோய்களைப்பற்றிப் பலரும் பேசிவிட்டார்கள். நீங்கள் ஏதேனும் ஒரு சிறிய பொருளைப்பற்றிச் சொல்லுங்கள்" என்றார். சொல்லிக்கொண்டே விழா அழைப்பிதழ்க் கட்டின் கயிற்றை அவிழ்த்தார். அவருடைய கட்டைவிரல் நகம் ஏடு பிரிவதுபோலப் பிரிந்து கயிற்றில் சிக்கிக்கொண்டது. "இது எப்போதும் இப்படித்தான்" என்று சிரித்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார். எனக்குப் பொருள் கிடைத்துவிட்டது.

இருவர் நெருங்கிப் பழகினால் "நகமும் சதையும்போல" என்கிறோம். ஆனால், உவமையில் நாம் கொடுத்திருக்கும் மதிப்பை உண்மை நகத்திற்குக் கொடுப்பதில்லை. வளர்ந்தால் வெட்டுகிறோம்; விழாவிற்கு மருதாணி இடுகிறோம்; விளக்கு வைத்தபின் வெட்டலாகாது என்று குழந்தைகளை அதட்டுகிறோம். அதற்குமேல் அதை நினைப்பதில்லை. நகம் உடைந்தால் அழகு போயிற்றே என்று இளம்பெண்கள் வருந்துகிறார்கள். அழகு யாருக்கு வேண்டும் என்று முதியவர்கள் விட்டுவிடுகிறார்கள். இவ்விரண்டும் போதா என்பதே இன்று நான் சொல்ல வந்த செய்தி.

நகம் என்பது யாது? நம் தலைமயிரும் மாட்டின் கொம்பும் குதிரையின் குளம்பும் எப்பொருளால் ஆனவையோ, அதே கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனதே நகமும். மெல்லிய ஏடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டதுபோன்ற அமைப்பு அது. அதற்கு உறுதி தருவது கந்தகம் கலந்த பிணைப்பாகும். நகத்தின் அடியில், தோலுக்குள் மறைந்திருக்கும் வேர்ப்பகுதியில் மட்டுமே உயிர் உண்டு. வெளியே நாம் காணும் தகடு உயிரற்றது. ஆகவேதான் வெட்டினால் வலிப்பதில்லை. ஆகவேதான், ஒருமுறை பிளந்த நகம் புண் ஆறுவதுபோல ஆறிக் கூடுவதுமில்லை. புதிய நகம் வளர்ந்து வந்து பழையதை வெளியே தள்ளவேண்டும்.

அவ்வளர்ச்சியோ மிக மெதுவானது. கைவிரல் நகம் திங்களுக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் வளரும். ஒரு நகம் முழுவதும் புதிதாக ஏறத்தாழ ஆறு திங்கள் ஆகும். கால் நகத்திற்கு ஓராண்டிற்கு மேலும் ஆகும். அமெரிக்க மருத்துவரான வில்லியம் பீன் என்பவர் தம் இடக்கைக் கட்டைவிரல் நகத்தில் கோடு கீறி, அது நகர்ந்து செல்வதை 35 ஆண்டுகள் அளந்து, 1980-ஆம் ஆண்டில் வெளியிட்டார். அவருக்கு வயது 32 ஆனபோது நாளொன்றுக்கு 0.123 மில்லிமீட்டர் வளர்ந்த நகம், 67-ஆம் வயதில் 0.095 மில்லிமீட்டரே வளர்ந்தது. நம் வீட்டுப் பெண்கள் கோடு கீறவேண்டியதில்லை. இட்ட மருதாணி அடியிலிருந்து பிறைபோல விலகிச் செல்வதைப் பார்த்தாலே போதும். அதுவே நம் அளவுகோல். நக வைத்தியத்தில் எதைச் செய்தாலும் பயன் தெரிய ஆறு திங்கள் பொறுத்திருக்கவேண்டும் என்பதை அது நமக்குச் சொல்லிவிடும்.

இனி, நகம் ஏன் உடைகிறது? ஐந்து பேரில் ஒருவருக்கு இத்தொல்லை உண்டு என்றும், ஆடவரினும் பெண்டிர்க்கே அது மிகுதி என்றும் மருத்துவ நூல்கள் கூறுகின்றன. அதன் காரணத்தை அடுக்களையிலேயே காணலாம். நகம் நீரை உறிஞ்சினால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். அரிசி களையக் கை நனைகிறது, துடைக்கிறோம். காய்கறி அலம்ப நனைகிறது, துடைக்கிறோம். பாத்திரம் துலக்க, துணி அலச, தரை மெழுக என்று ஒரு நாளைக்கு எத்தனைமுறை நனைகிறது, எத்தனைமுறை காய்கிறது என்று எண்ணிப்பாருங்கள். உப்பி உப்பிச் சுருங்கும் நகத்தில் ஏடுகளைப் பிடித்திருக்கும் பிடி தளர்கிறது. நுனியில் அடுக்கு அடுக்காகப் பிரிகிறது. சவர்க்காரத் தூள் அதிலுள்ள சிறிது எண்ணெய்ப்பசையையும் கழுவிவிடுகிறது. இத்தில்லி மாநகரில் கோடையில் வீசும் அனற்காற்றும், குளிர்காலத்தில் அறைக்குள் எரியும் ஹீட்டரும் எஞ்சிய ஈரத்தையும் வாங்கிவிடுகின்றன. கடற்கரை ஊர்களிலிருந்து வந்த நம்மவர் பலர், "ஊரில் இருந்தவரை என் நகம் நன்றாகத்தான் இருந்தது" என்று சொல்வதில் பொருள் இல்லாமல் இல்லை.

காரணம் தெரிந்தால் பரிகாரமும் தெரியும். பாத்திரம் துலக்கும்போதும் துணி துவைக்கும்போதும் ரப்பர் கையுறை அணிந்துகொள்ளுங்கள். உள்ளே மெல்லிய பருத்திக் கையுறை இருந்தால் வியர்வை தங்காது. வேலை முடிந்ததும் விரலிடுக்கும் நகக்கண்ணும் உலரத் துடைத்துத் தேங்காய் எண்ணெயோ வாஸ்லினோ தடவுங்கள். இரவில் படுக்கும்முன் ஒருமுறை நகத்தின் அடித்தோலிலும் தடவித் தேய்ப்பது மிக நன்று. நகத்தைக் குட்டையாக வைத்துக்கொள்ளுங்கள். நீராடியபின் அது இளகியிருக்கும். அப்போது வெட்டினால் சிதறாது. அரம் போடுவதானால் ஒரே திசையில் இழுங்கள்; இப்படியும் அப்படியுமாகத் தேய்த்தால் ஏடு பிரியும். அடித்தோலை வெட்டவோ தள்ளவோ வேண்டா. நீரும் கிருமியும் உள்ளே புகாமல் காக்கும் கதவு அது. எந்நேரமும் ஈரத்தில் கை வைத்திருப்பவர்களுக்கு நகச்சுற்று அடிக்கடி வருவது அக்கதவு பழுதுபடுவதால்தான். டப்பாவின் மூடியை நெம்புவதற்குக் கரண்டிக் காம்பு இருக்கிறது. நகத்தை அப்பணிக்கு அனுப்பாதீர்கள்.

செய்யத்தகாதவையும் சில உண்டு. நகப்பூச்சைப் போக்க உதவும் அசிட்டோன் நகத்தை மிகவும் உலர்த்திவிடும். வாரந்தோறும் பூசுவதும் அழிப்பதுமாக இருத்தல் கூடாது. நகத்தைக் கெட்டிப்படுத்துவதாக விற்கப்படும் பூச்சுகளில் சிலவற்றில் பார்மால்டிஹைடு கலந்திருக்கும். அது நாளடைவில் நகத்தை மேலும் முறியச் செய்யும். சிலருக்குத் தோலில் ஒவ்வாமையும் உண்டாக்கும். பயோட்டின் மாத்திரையைப்பற்றிப் பலர் கேட்கிறார்கள். குதிரைக் குளம்பிற்கு அது பயன்பட்டதைக் கண்டு மனிதர் நகத்திற்கும் கொடுத்துப் பார்த்தார்கள். சிலருக்கு நலம் தெரிந்தது என்று சிறு ஆய்வுகள் கூறினும், உறுதியான சான்று இன்னும் போதவில்லை. அன்றியும், மிகுதியாக உண்டால் இரத்தப் பரிசோதனைகளின் விடையைப் பிழையாக்கிவிடும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017-ஆம் ஆண்டில் எச்சரித்தது. மாரடைப்பைக் கண்டறியும் சோதனையும் அவற்றுள் ஒன்று. ஆகவே, அம்மாத்திரை உண்பவர்கள் சோதனைக்குச் செல்லுமுன் மருத்துவரிடம் அதைச் சொல்லியாகவேண்டும்.

எல்லாவற்றினும் பரவலான தவறு ஒன்று உண்டு. "நகம் உடைகிறதா? சுண்ணாம்புச் சத்துக் குறைவு; கால்சியம் மாத்திரை சாப்பிடு" என்பதே அது. நகத்தில் சுண்ணாம்புச் சத்து நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. நகத்தின் உறுதிக்கு அது காரணமும் அன்று. இத்தவற்றைச் செய்தவர்களுள் ஒருத்தி உங்கள்முன் நிற்கிறாள்.

என் தாயார் ஊரிலிருந்து எங்களோடு வந்து தங்கியிருந்தார்கள். நகம் பிளக்கிறது என்று ஒருநாள் காட்டினார்கள். நான் மருத்துவமனைக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தேன். "வயதாகிவிட்டது, அம்மா. கால்சியம் போட்டுக்கொள்; எலும்பிற்கும் ஆகும், நகத்திற்கும் ஆகும்" என்று சொல்லிச் சென்றுவிட்டேன். பிறகு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றார்கள்; முழங்கால் வலியால் என்று எண்ணினேன். வாசலில் கோலமிடுவதை நிறுத்தினார்கள். தில்லிக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று எண்ணினேன். ஒவ்வொன்றிற்கும் என்னிடம் ஒரு விடை இருந்தது. அவர்கள் கையைப் பிடித்துப் பார்க்க நேரந்தான் இல்லை.

தீபாவளியன்று விடியற்காலையில் பேரப்பிள்ளைகளுக்கு எண்ணெய் வைத்தார்கள். கிண்ணத்தில் விரலை நனைத்து எடுத்தபோது கட்டைவிரல் நகத்தின்மேல் எண்ணெய்த்துளி ஒன்று விழுந்தது. அது வழிந்து ஓடவில்லை, அங்கேயே நின்றது. நகம் மேல்நோக்கி வளைந்திருக்கவேண்டிய இடத்தில் கரண்டிபோலக் குழிந்திருந்தது. கடுமையான இரும்புச் சத்துக் குறைவின் அடையாளம் அது. மாணவப் பருவத்தில் தேர்வுத்தாளில் எழுதி மதிப்பெண் வாங்கிய விடை, என் வீட்டுக் கூடத்திலேயே பல திங்கள் இருந்திருக்கிறது.

சோதித்தபோது ஹீமோகுளோபின் 7 கிராமே இருந்தது. பெண்களுக்கு 12-க்குக் குறையலாகாது. முழங்கால் வலிக்காக மருந்துக் கடையில் தாமே வாங்கி நெடுநாள் உண்ட வலி மாத்திரைகள் இரைப்பையில் புண்ணை உண்டாக்கியிருந்தன. அப்புண்ணிலிருந்து வெளியே தெரியாமல் இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. மலம் கறுத்துப் போனதை மகளிடம் சொல்லக் கூச்சம். மகளோ கேட்கவில்லை.

அன்பர்களே, இதை ஏன் இச்சபையில் சொல்கிறேன்? நம் நாட்டில் இரத்தசோகை அரியதன்று. 2019-21-ஆம் ஆண்டுகளில் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேர் இரத்தசோகை உடையவர்கள். நகம் உடையும் எல்லோர்க்கும் அந்நோய் உண்டு என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலோர்க்குக் காரணம் நீரே. ஆனால், கையுறையும் எண்ணெயும் ஆறு திங்களில் பயன் தராவிட்டால் உள்ளே தேடவேண்டும். உடற்சோர்வும் முகவெளிறலும் கூட இருப்பின் காத்திருக்கவே கூடாது. தைராய்டுக் குறைவும் நகத்தை முறியச் செய்யும். நகத்தில் ஊசிக்குத்துப்போன்ற சிறு குழிகள் விழுதல், தடித்து மஞ்சளாதல், ஒரே நகத்தில் புதிதாகத் தோன்றி அகன்றுவரும் கருங்கோடு, இவற்றில் எது கண்டாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். காட்டச் செல்லும்போது நகப்பூச்சை அழித்துவிட்டுச் செல்லுங்கள். மாதவிலக்கு நின்ற பெண்களுக்கோ ஆடவருக்கோ இரும்புச் சத்துக் குறைந்தால், மாத்திரை கொடுப்பதோடு நில்லாமல், இரத்தம் எங்கே கசிகிறது என்று தேடவேண்டுவது இன்றியமையாதது.

உணவைப்பற்றியும் ஒரு சொல். கீரையும் பயறும் கேழ்வரகும் நம் உணவில் உண்டு. முளைகட்டிய பயறு இன்னும் நன்று. நெல்லிக்காயோ எலுமிச்சையோ உடன் சேர்ந்தால் அவற்றின் இரும்பு உடலில் நன்கு சேரும். ஆனால், சாப்பிட்டு எழுந்தவுடன் குடிக்கும் காப்பியும் தேநீரும் அதைச் சேரவொட்டாமல் தடுக்கும். காப்பியை விடுங்கள் என்று தமிழர் சபையில் சொல்லும் துணிவு எனக்கு இல்லை. உணவிற்கும் காப்பிக்கும் இடையே ஒரு மணி நேரம் விடுங்கள் என்று மட்டும் வேண்டிக்கொள்கிறேன்.

என் தாயார் நலம் பெற்றார்கள். வலி மாத்திரை நின்றது, புண் ஆறியது, இரும்புச் சத்து ஏறியது. அடுத்த சித்திரைக்குள் நகத்தின் அடியிலிருந்து புதிய தகடு நேராக வளர்ந்து, குழிந்த பழைய நகத்தை நுனிக்குத் தள்ளியிருந்தது. அதை நான்தான் வெட்டிவிட்டேன். மறுவாரம் வாசலில் மீண்டும் கோலம் இருந்தது.

ஊரைவிட்டு வந்து இங்கே ஒரு குடும்பம்போல வாழ்கிறோம். நம்முள் தம் உடம்பைப்பற்றித் தாமே வாய்திறந்து சொல்லாத தாய்மார்கள் பலர். அவர்கள் சொல்லமாட்டார்கள், அவர்கள் கைகள் சொல்லும். இன்று வீடு திரும்பியதும், பிள்ளைகளே, உங்கள் அன்னையின் கையை விளக்கொளியில் ஒருமுறை பிடித்துப் பாருங்கள். வெட்டத்தான் நாழிகை பார்க்கவேண்டும், பார்ப்பதற்கு வேண்டியதில்லை.