குதிரை கொடுத்த பணமும் செக்ரோல் கணக்கும்

(ஏற்காட்டில் காப்பித் தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சின் சுருக்கம்)



இன்கம்டாக்ஸ் வழக்கைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் சிலர் சிரிக்கிறீர்கள். "நாள் கூலிக்காரனுக்கும் இன்கம்டாக்ஸுக்கும் என்ன சம்பந்தம்?" என்கிறீர்கள். சம்பந்தம் உண்டு. கேளுங்கள்.

கணக்கில் வராத பணம் பிடிபட்டால் பணக்காரர் என்ன சொல்கிறார்? "இது வருமானமல்ல, கடன் வாங்கினேன், நகை விற்றேன், குதிரைப் பந்தயத்தில் விழுந்தது" என்கிறார். சுமதி தயாள் வழக்கு என்று பிரசித்தமான ஒரு வழக்கு. 1971-72 வரி ஆண்டுக்கு ரூ. 3,11,831-ஐப் பந்தயத்தில் ஜெயித்ததாகக் கணக்குக் காட்டினார்கள். பெங்களூர், சென்னை, ஹைதராபாத் மூன்று ஊரிலும் ஜாக்பாட்! அன்று பந்தயப் பணத்துக்கு வரி கிடையாது. 1972-ல் சட்டம் மாறி வரி வந்தது.

வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போனது. 1995-ல் தீர்ப்பு. ஜெயித்த பணம் முழுவதும் கணக்கில் வரவாகியிருக்கிறது. டிக்கெட் வாங்கிய செலவு ஒரு காசு இல்லை. தோற்ற கணக்கும் இல்லை. பந்தயம் முடிந்த பிறகு, ஜெயித்த டிக்கெட்டை விலைக்கு வாங்கியதாகவே கொள்ளலாம் என்று கோர்ட் கூறியது. காகிதம் இருந்தால் மட்டும் போதாது, நடக்கக்கூடிய காரியமா என்றும் பார்க்க வேண்டும் என்பதே தீர்ப்பின் சாரம்.

பணம் எங்கிருந்து வந்தது என்பது பணம் வைத்திருப்பவருக்குத்தான் தெரியும். ஆகவே ருசுப்படுத்தும் பொறுப்பும் அவருடையது. 1958-லேயே கோவிந்தராஜுலு முதலியார் வழக்கில் சுப்ரீம் கோர்ட் இதைச் சொல்லிவிட்டது.

இனி நம் சேர்வராயன் மலைக்கு வருவோம். விவசாய வருமானத்துக்கு மத்திய சர்க்கார் வரி போடுவதில்லை. காப்பியைப் பக்குவம் செய்து விற்றால், லாபத்தில் கால் பங்கை மட்டும் வியாபார வருமானமாகக் கொள்ளும் விதி 2002-ல் வந்தது. ஆகவே, வேறு தொழிலில் வந்த கள்ளப் பணத்தை "தோட்டத்தில் விளைந்தது" என்று சொல்ல எவருக்கும் ஆசை வரும். ஆனால் 1956-ல் சென்னை ராஜ்யத்திலிருந்து போன பால் வியாபார வழக்கிலும் சுப்ரீம் கோர்ட் என்ன சொன்னது? விவசாய வருமானம் என்று விலக்குக் கேட்பவரே ருசுப்படுத்த வேண்டும் என்றது.

ருசு எங்கே இருக்கிறது? எத்தனை ஏக்கர், எத்தனை மூட்டை, பழம் பறிக்க எத்தனை ஆள், என்ன கூலி - இந்தக் கணக்கில் இருக்கிறது. பத்து மூட்டை விளைந்த தோட்டத்தில் காகிதத்தில் நூறு மூட்டை விளைந்தால், தொண்ணூறு மூட்டையைப் பறித்த கை யாருடையது? செக்ரோல் புத்தகத்தைத் திறந்தால் தெரிந்துவிடும்!

வராத ஆளின் பெயரை ஏற்றினாலும் புரட்டு. வந்த ஆளின் பெயரை விட்டாலும் புரட்டு. முதலாவதில் சர்க்கார் கஜானாவுக்கு நஷ்டம். அந்தப் பள்ளத்தை நிரப்புவது யார்? சோப்புக்கும் செருப்புக்கும் வரி கொடுக்கும் நாம்தான். இரண்டாவதில் நம் பிராவிடண்டு பண்டும் கிராஜுவிட்டியும் போகிறது. இருபது வருஷம் உழைத்த தாய் கோர்ட்டுக்குப் போனால், "ருசு எங்கே?" என்று அவளையும் கேட்கிறார்கள். அவளுக்குச் சொல்ல ஜாக்பாட் கதையும் கிடையாது. பெரிய வக்கீலும் கிடையாது.

ஆகவே தோழர்களே, சாயங்காலம் எடை போடும்போது எடையைக் கேளுங்கள். செக்ரோலில் பெயர் ஏறியதா என்று பாருங்கள். படிக்கத் தெரியாதவருக்குப் படித்த பிள்ளை பார்த்துச் சொல்லட்டும். சம்பளச் சீட்டை வாங்கி, ரேஷன் கார்டோடு பத்திரமாக வையுங்கள். கொடுக்க மறுத்தால் தனியாகச் சண்டை போடாதீர்கள். சங்கமாகச் சேர்ந்து கேளுங்கள்.

கணக்கு வைத்திருப்பவன் கணக்கைக் காட்டட்டும்! உழைத்தவன் பெயர் அதில் இருக்கட்டும்!