வாடகைச் சீட்டும் நம்மவரும்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

வாடகை வீடு பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தார். புலவர் பெருமக்கள் அமர்ந்துள்ள மேடையில் ரயில்வே எழுத்தருக்கு ஒதுக்கத் தக்க பொருள்தான். ஆனால் ரயில்வே குடியிருப்பில் வாழ்வோர்க்கு வாடகையின் சூடு ஓய்வு பெற்ற பின்னரே உறைக்கும்!

கல்லூரி திறக்கும் ஜூன் மாதத்தில், நாகர்கோவில் வண்டியில் மக்களுடன் வந்திறங்கும் பெற்றோர், "பல்கலைக்கழகத்திற்கு அருகில் வீடு கிடைக்குமா?" என்று தம்பானூரில் நம்மை வினவுவர். 1937இல் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகமாகத் தோன்றி, 1957இல் கேரளப் பல்கலைக்கழகமாகப் பெயர் மாறிய அந்நிறுவனத்தின் தலைமையகம் பாளையத்தில் உள்ளது. தமிழ்த்துறை முதலிய துறைகளோ பத்துக் கிலோமீட்டருக்கு அப்பால் காரியவட்டத்தில் உள்ளன. அங்கே 1990இல் டெக்னோபார்க் எழுந்தது. கணினிப் பொறியாளர் கொடுக்கும் வாடகையோடு மாணவர் போட்டியிட இயலுமா? ஆகவே, நகரத்தில் கரமனை, சாலைப் பக்கம் வீடு பார்த்து, சீசன் டிக்கெட்டில் கழக்கூட்டம் சென்று வருவதே மேல் என்போம். வேலை பார்க்கும் துறைக்கு ஆள் சேர்ப்பதாக எண்ண வேண்டா!

வாடகையினும் பெரிய தொல்லை, சீட்டு. நம்மவர் மலையாளம் சரளமாகப் பேசுவர், படிப்போர் சிலரே. படிக்கத் தெரியாத தாளில் கையொப்பம் இடுகிறோம். 'ஒழிந்து கொடுக்க வேண்டும்' என்று அதில் இருந்தால், காலி செய்ய வேண்டும் என்பது பொருள்; நம் காதுக்கு அது வசவாகவே படும்.

சென்ற ஆண்டு நம் குடும்பம் ஒன்றிற்கு, "பதினொரு மாதம் முடிந்தது, ஒரு வாரத்தில் வெளியேறுக" என்று உத்தரவு வந்தது. மகளுக்குத் தேர்வுக் காலம். வாடகைப் பாக்கி ஒரு காசும் இல்லை. ஆயினும் அஞ்சி, பாத்திரம் பண்டங்களைத் தெருவில் இறக்கினர். அந்த அச்சம் வேண்டியதே இல்லை.

பதினொரு மாதம் என்பது 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தால் வந்த வழக்கம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும். அச்செலவைத் தவிர்க்கவே மாதம் குறைந்தது. கேரளத்தின் 1965ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, கெடு முடிந்தது என்பது மட்டுமே வெளியேற்றப் போதிய காரணம் அன்று. வாடகை நீதிமன்றத்தின் ஆணை வேண்டும். பாக்கி, உள்வாடகை, உரிமையாளரின் மெய்யான சொந்தத் தேவை போன்ற காரணம் மெய்ப்பிக்கப்பட வேண்டும். தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தி நெருக்குவதற்கும் அச்சட்டம் தடை விதிக்கிறது.

உள்வாடகை என்ற சொல்லை மாணவர் கவனிக்க. ஒருவர் கையொப்பமிட்டு, அவர் போன பின் நண்பர் தங்குவது நம் பிள்ளைகளின் வழக்கம். உரிமையாளரின் இசைவின்றிச் செய்தால் அவர் பக்கமே நியாயம் போகும்.

நாகர்கோவில் மைத்துனர் சொல்லும் யோசனையும் இங்குப் பலிக்காது. தமிழ்நாட்டில் 2019 முதல் நடைமுறையில் உள்ள சட்டம் வேறு.

இனி நம்மவர் எவரும் சீட்டு எழுதுமுன் அதைச் சங்கத்திற்குக் கொண்டு வருக. மலையாளம் கற்ற உறுப்பினர் இருவர் ஞாயிறு காலையில் வரிக்கு வரி படித்துச் சொல்ல இசைந்துள்ளனர். வாடகை கொடுத்த ரசீதுகளையும் உடன் கொணர்க. ரசீது தரப்படவில்லை எனில், அதைக் கேட்டுப் பெறும் உரிமையும் அதே சட்டத்தில் உண்டு.