குடும்ப சகிதமாய்க் கடல் கடப்போர் கவனிக்க வேண்டியவை

(சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



முற்காலத்தில் கடல் கடந்த நம்மவருள் அநேகர் ஒரு தகரப்பெட்டியுடன் தனியே சென்றவர்கள். 1926-இல் கட்டப்பெற்று 1973 வரை சென்னைக்கும் சிங்கப்பூருக்குமாய் ஓடிய ரஜூலா என்னும் கப்பல் அத்தகையோர் பலரைச் சுமந்தது. இக்காலத்திலோ மனைவி மக்களுடன் செல்வதே வழக்கமாயிருக்கிறது. ஒருவர் போவது பிரயாணம். குடும்பமே போவது, காய்த்த மரத்தை வேரோடு பெயர்த்து அயல் மண்ணில் நடுவதை ஒக்கும்.

உத்தியோக உத்தரவு வந்த மறுதினமே நம் வீடுகளிற் பெட்டிகள் வாங்குகிறோம், பொடி வகைகள் இடிக்கிறோம், ஊறுகாய் கட்டுகிறோம். தஸ்தாவேஜுகளை நாடுவதோ கடைசி வாரத்தில். அப்பொழுது வீடு படும் பாட்டை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். ஆகையால் பெயர் முதலாவது, பத்திரம் இரண்டாவது, பண்டம் மூன்றாவது என்னும் முறையைக் கைக்கொள்ளவேண்டுமென்பது நமது அபிப்பிராயம்.

பெயரை முதலிற் கூறுவானேன்? நம்மவர்க்குக் குடும்பப் பெயரில்லை. தந்தையின் பெயரின் முதலெழுத்தே உண்டு. இந்தியப் பாஸ்போர்ட்டில் அவ்வெழுத்தை விரித்தெழுதவேண்டும். ராமசாமியின் குமாரர் முருகேசன் என்று வைத்துக்கொள்வோம். அவருக்குக் குடும்பப் பெயர் ராமசாமி என்றாகும். அவர் மனைவிக்கும் மக்களுக்கும் முருகேசன் என்றாகும். அயல்நாட்டு அதிகாரி, ராமசாமி என்பாருடன் முருகேசன் வீட்டுப் பிள்ளைகள் ஏன் வருகிறார்கள் என்று வினவுவது இயல்பன்றோ? அன்றியும் பள்ளிச் சான்றில் ஓர் ஆங்கில எழுத்துக் கூடியும், பிறப்புச் சான்றிற் குறைந்தும் இருக்குமாயின் சங்கடம் இரட்டிக்கும். ஆகவே குடும்பத்தார் அனைவருடைய பத்திரங்களையும் ஒருங்கே பரப்பி, எழுத்தெழுத்தாய் ஒத்துப்பார்த்து, பிழையுள்ளவற்றை முன்னதாகவே திருத்திக்கொள்ளவேண்டும்.

இனிப் பத்திரங்கள். தமிழ்நாட்டில் 2009-ஆம் வருஷத்துச் சட்டப்படி விவாகத்தை 90 தினங்களுக்குள் பதிவு செய்தல் கட்டாயம். முகூர்த்தப் பத்திரிகையும் கோவில் ரசீதும் அயல்நாட்டில் தாமே மனைவியென்பதை மெய்ப்பிக்கமாட்டா. பிறப்புச் சான்றிற் குழந்தையின் பெயர் இடம்பெறாதிருப்பின் அதனையும் சேர்ப்பித்தல் அவசியம். அன்றியும் அயல்தேச அத்தாட்சிக்கென 1961-இல் ஹேக் நகரில் ஏற்பட்ட உடன்படிக்கை 2005 ஜூலை முதல் இந்தியாவில் அமுலிலிருக்கிறது. அதிற் சேர்ந்த தேசங்களுட் பெரும்பாலானவை அப்போஸ்டில் என்னும் முத்திரையை ஏற்கும். சேராத தேசங்களுக்கு அவற்றின் தூதராலய அத்தாட்சி வேண்டும். இவற்றுக்கெல்லாம் நாள் செல்லும். மூலப் பத்திரங்களைக் கப்பற் சரக்கில் ஒருபோதும் இடலாகாது, கைப்பையிலேயே கொண்டுசெல்லவேண்டும்.

பிள்ளைகளின் படிப்பையும் மறவாதீர்கள். இங்கே பள்ளியாண்டு ஜூனில் தொடங்க, ஆஸ்திரேலியாவில் ஜனவரிக் கடைசியிலும், அமெரிக்காவில் ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களிலும் தொடங்குகிறது. இதனை எண்ணாது நாட்குறித்தால் குழந்தைக்குப் பாதி வருஷம் வீணாகும்.

பண்டங்களைப் பற்றிச் சிறிதே சொல்வோம். நம் வீட்டு மாவரைக்கும் யந்திரம் 230 வோல்ட்டு மின்சாரத்துக்கு உரியது. அமெரிக்காவிலோ 120 வோல்ட்டே. அங்கே அது காட்சிப் பொருளாய் மூலையில் அமரும். ஆஸ்திரேலியாவுக்கு உணவு, விதை, மரச் சாமான் கொண்டுசெல்வோர் அவற்றைத் துறைமுகத்திலோ விமான நிலையத்திலோ அதிகாரிகளிடம் அறிவித்தே தீரவேண்டும், மறைத்தால் தண்டமுண்டு. ஆதலின் அங்கே கிடைப்பதை விடுத்து, கிடைக்காததை மாத்திரம் கட்டுங்கள். நோயாளருக்குரிய மருந்தையும் வைத்தியர் சீட்டையும் உடன்வைத்துக்கொள்ளுங்கள்.

முடிவாக ஒன்று. இவ்வேலைகளின் பாரமெல்லாம் பெரும்பாலும் இல்லத்தரசியின் தலையிலேயே விழுகிறது; யோசனை கேட்கும்போதோ அவரை விட்டுவிடுகிறோம். போவதென்று தீர்மானிக்குமுன் மனைவியையும், விவரம் தெரிந்த மக்களையும், இங்கேயே தங்கவிருக்கும் பெற்றோரையும் கூட்டிவைத்துப் பேசுங்கள். முதியோரை யார் பார்ப்பது, அவர்தம் வைத்தியத்துக்கும் வங்கிக் கணக்குக்கும் யார் துணை என்பதை எழுத்தில் குறியுங்கள். அவ்வண்ணம் புறப்படும் குடும்பம் எத்தேசம் சென்றாலும் சிதறாது. இங்கே தங்கியிருப்போர் மனமும் கலங்காது.

நம் சங்கத்தில் அயல்நாடு சென்று திரும்பிய குடும்பங்கள் இருக்கின்றன. அவர்கள் புதிதாய்ச் செல்வோர்க்கு அரைமணி நேரம் வழிசொல்ல முன்வருவார்களாயின் அதுவே பேருபகாரம்.