தர்மமும் கைபேசியும்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் தர்மம். தர்மம் என்றவுடன் உங்களில் சிலர் புண்ணியக் கணக்கை நினைப்பீர்கள். நாம் அந்தக் கணக்கைப் பேச வரவில்லை. கொடுத்த காசு தேவைப்பட்டவன் கைக்குப் போய்ச் சேர்ந்ததா, நடுவில் எத்தனை கை அதைத் தடவிற்று என்கின்ற கணக்கைத்தான் பேச வந்திருக்கின்றோம்.

ஆப்பிரிக்காவில் கென்யா என்று ஒரு தேசம் இருக்கின்றது. அந்நாட்டாருக்கு "ஹராம்பே" என்று ஒரு வழக்கம். எல்லோரும் சேர்ந்து இழு என்பது அதன் பொருள். ஊரார் கூடிப் பணம் போட்டுப் பள்ளிக்கூடம் கட்டுவார்கள்; வியாதிக்காரனுடைய வைத்தியச் செலவைத் தீர்ப்பார்கள். நல்ல வழக்கந்தான். ஆனால் நாளடைவில் என்ன ஆயிற்று? பெரிய மனிதர்கள் நோட்டுக் கட்டோடு மேடையேறி, இன்னார் இவ்வளவு என்று பேர் கூவச் செய்து, அதையே ஓட்டு வாங்கும் தந்திரமாக்கிக் கொண்டார்கள். உத்தியோகஸ்தர்கள் பதவியைக் காட்டி வசூல் செய்வதைத் தடுக்க 2003-ல் சட்டமே செய்யவேண்டி வந்தது. இதைக் கேட்டுச் சிரிக்கின்ற தோழர்கள், நம் ஊர்க் கல்யாணத்தில் மொய்த்தொகையை ஒலிபெருக்கியில் கூவுவதை ஒரு தடவை நினைத்துக்கொண்டு, பிறகு சிரிக்கட்டும்.

2007-ல் அங்கே "எம்-பெசா" என்கின்ற ஏற்பாடு வந்தது. பெசா என்றால் பணம். நம் பக்கத்துப் பைசாதான் கடல் கடந்து அப்படியாயிற்று. பாங்கி வாசலையே மிதிக்காத குடியானவன், பக்கத்துக் கடையில் ரொக்கத்தைக் கொடுத்தால் அது அவனுடைய கைபேசிக் கணக்கில் ஏறிவிடும். எத்தனை மைலுக்கு அப்பாலிருக்கும் தாய்க்கும் தம்பிக்கும் உடனே அனுப்பலாம். அவர்கள் தங்கள் ஊர்க் கடையில் ரொக்கமாக வாங்கிக்கொள்ளலாம். விலையுயர்ந்த கைபேசியும் வேண்டியதில்லை.

இதனால் விளைந்ததென்ன? ஜாக், சூரி என்ற இரண்டு பொருளாதார ஆராய்ச்சியாளர்கள் 2014-ல் வெளியிட்ட கணக்கைச் சொல்லுகின்றோம். வீட்டில் நோயோ வேலையிழப்போ நேர்ந்தபோது, இவ்வசதி இல்லாத குடும்பங்கள் தங்கள் செலவை நூற்றுக்கு 7 அளவு சுருக்கவேண்டியதாயிற்று. வசதி உள்ள குடும்பங்களோ சுருக்கவில்லை. உறவினரும் சிநேகிதரும் சமயத்தில் அனுப்பிய சிறு தொகைகளே காரணம். 2011-ல் வடகென்யாவில் பஞ்சம் வந்தபோது, 10 ஷில்லிங் போதும், கைபேசியிலேயே அனுப்புங்கள் என்று பொது ஜனங்களைக் கேட்டார்கள். 50 கோடி ஷில்லிங் வேண்டுமென்று ஆரம்பித்த வசூல் அதைத் தாண்டிச் சென்றது. பத்து ஷில்லிங்காரனுக்கு மேடையுமில்லை, மாலையுமில்லை.

"சரி, ஏழை கையில் பணமாகக் கொடுத்தால் குடித்துத் தீர்த்துவிடுவானே" என்று சில யோக்கியர்கள் கேட்பார்கள். இக்கேள்வியையும் கென்யாவிலேயே சோதித்துப் பார்த்தாகிவிட்டது. "கிவ் டைரக்ட்லி" என்ற சங்கம், நிபந்தனை ஒன்றும் போடாமல், ஏழைக் குடும்பங்களுக்குக் கைபேசி வழியாகவே பணம் அனுப்பிற்று. ஹௌஷோஃபர், ஷபிரோ என்பவர்கள் அதை ஆராய்ந்து 2016-ல் எழுதினார்கள். சாராயத்துக்கும் புகையிலைக்கும் செலவு கூடவில்லை. சாப்பாடு கூடிற்று, ஆடுமாடு கூடிற்று, கூரை வேய்ந்த வீட்டுக்குத் தகரம் வந்தது. ஏழைக்குப் புத்தி போதாதென்று முடிவு கட்டி, அவனுக்காகத் தாங்களே செலவு செய்ய முன்வருகின்றவர்களை இனியாவது ஒரு கேள்வி கேட்கவேண்டாமா?

ஆனால் யந்திரம் வந்துவிட்டால் திருட்டு ஒழிந்துவிடுமென்று நாம் சொன்னால் அதுவும் ஒரு மூடநம்பிக்கைதான். இதே சங்கம் காங்கோ நாட்டில் 2022-ல் சுமார் 9 லட்சம் டாலரைப் பறிகொடுத்தது. எடுத்தவர்கள் வெளியாரல்ல, ஏழைகளின் கைபேசிக் கணக்குகளைப் பதிவு செய்யும் இடத்திலேயே அதன் சொந்த ஊழியர் சிலர் சூழ்ச்சி செய்தார்கள். பணம் போகும் வழி எவ்வளவு சுத்தமானாலும், வாசலில் பேர் எழுதுகின்றவன் கையில் எல்லாம் இருக்கின்றது. அந்தச் சங்கம் இதை மூடி மறைக்காமல் 2023-ல் தானே வெளியிட்டது என்பதையும் சொல்லவேண்டும். நம் பக்கத்தில் எத்தனை தர்ம நிதிகள் தாங்கள் இழந்ததைத் தாங்களே அச்சடித்துக் கொடுத்திருக்கின்றன?

கைபேசியே இல்லாதவன் கதி என்ன என்று முன்வரிசையில் ஒரு தோழர் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கின்றார். நியாயமான கேள்வி. கென்யாவில் அப்படிப்பட்டவர்களுக்குச் சிம் அட்டையைக் கொடுத்துப் பதிவு செய்துகொள்ளச் சொன்னார்கள். கைபேசி இல்லாவிட்டாலும் கடைக்காரனிடம் அட்டையைப் போட்டுப் பணம் வாங்கலாம். ஆனால் யார் யாரிடம் கைபேசி இல்லை என்று கண்டுபிடிக்க, ஒரு மனிதன் வீடு வீடாக நடந்துதான் போகவேண்டியிருந்தது.

இனி மற்றத் தோழர்களும் கேட்கலாம்.